88 அங்குல லாண்ட் றோவருக்கு 2 அங்குலப் பரபோலிக் ஸ்பிரிங்: ஒரு காலபோகம் முழுக்க ஓடிப் பார்த்த பிறகு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பலர் அதைத் தேடித்தான் வருவீர்கள். உங்களிடம் இருப்பது சீரீஸ் 3, 88 அங்குல (முன் பின் அச்சுகளுக்கு இடையிலான நீளம்) லாண்ட் றோவர், அதில் ஆட்களும் கொஞ்சம் சாமானும் ஏற்றிக்கொண்டு மாங்குளம், ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, துணுக்காய் என்று மாரியிலும் கோடையிலும் ஓடுகிறீர்கள் என்றால் பரபோலிக் ஸ்பிரிங் (முனையில் மெலிந்த இரண்டு மூன்று பட்டை மட்டும் உள்ள ஸ்பிரிங்) நான்கும், அதற்கு ஏற்ற நீளத்தில் ஷொக் (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் குழாய்) நான்கும் ஒன்றாக வாங்கிப் போடுங்கள். உயரம் 2 அங்குலத்துக்கு மேல் போகவே வேண்டாம். நெல் மூட்டை ஏற்றுவதுதான் வாகனத்தின் பிரதான வேலை என்றால் இந்தப் பணத்தை இதில் போடாதீர்கள், பழைய மாதிரிப் பல இரும்புப் பட்டை அடுக்கிய ஸ்பிரிங்தான் உங்களுக்குச் சரி. ஏன் என்று கீழே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

என்னுடையது 2.25 லீற்றர் டீசல், வலது கைப்பக்க ஸ்ரியரிங், கன்வஸ் கூரை. வயலுக்கும் போகும், குடும்பத்தோடு வற்றாப்பளைப் பொங்கலுக்கும் போகும். காட்சிக்கு நிறுத்தி வைக்கும் வாகனம் இல்லை. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த இடைவெளியில் பழைய ஜீப்புகளுக்கும் லாண்ட் றோவர்களுக்கும் விலை எங்கேயோ போய்விட்டது, கையில் இருந்ததைத் திருத்தி வைத்துக்கொள்வதுதான் புத்தி என்று எங்கள் பக்கத்தில் பலர் முடிவெடுத்தார்கள். அதில் நானும் ஒருவன். திருத்த வெளிக்கிட்டதும் எல்லோரும் முதலில் கேட்பது "லிஃப்ட் போடவில்லையா?" என்றுதான் (லிஃப்ட் என்றால் வாகனத்தின் உடலை அச்சுக்கு மேல் உயர்த்துவது), அதனால் அந்தக் கேள்வியையே ஒழுங்காக எடுத்துப் பார்ப்போம்.

வன்னியில் பாறை ஏறுவது கிடையாது. நிலம் தட்டை. இங்கே வாகனத்தை மாட்டுவது வேறு. கிறவலும் மணலும் ஏற்றும் ரிப்பர்கள், பெட்டி பூட்டிய ரக்ரர்கள் எல்லாம் மாரியில் ஒரே தடத்தில் போய்ப் போய் இரண்டு பக்கமும் ஆழமான பள்ளம் வெட்டிவிடும், நடுவில் ஒரு வரம்பு எழும்பி நிற்கும். உங்கள் சில்லு அந்தப் பள்ளத்தில் இறங்கியதும் டிஃப் (அச்சின் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி) அந்த வரம்பை உழுதுகொண்டு போகும். இதற்குத்தான் லிஃப்ட் வேண்டும் என்று நினைத்துக் காசை எண்ணுகிறவர்கள் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும்: ஸ்பிரிங்கை உயர்த்தினால் டிஃப் ஒரு நூல்கூட உயராது. அச்சு சில்லின் நடுவில் இருக்கிறது, ஸ்பிரிங் அச்சுக்கும் செசிக்கும் (அடிச்சட்டம்) இடையில் இருக்கிறது. டிஃபை நிலத்தில் இருந்து தூக்குவது ரயர் மட்டும்தான். 6.00-16 ரயரில் இருந்து 7.50-16 ரயருக்குப் போனால் அச்சு சுமார் ஒன்றரை அங்குலம் உயரும், அதற்கு லிஃப்ட் எதுவும் தேவையில்லை, 88 இன் சில்லுக் குழிக்குள் 7.50 தாராளமாக அமரும். கியர் கொஞ்சம் பாரமாகும், டிஃபின் பல்சக்கர விகிதம் 4.7 என்பதால் டீசல் எஞ்சின் அதைத் தாங்கிக்கொள்ளும், ஏ9 இல் எஞ்சின் கத்துவதும் குறையும். வேகமானி உண்மையை விடக் குறைத்துக் காட்டும், அதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் ஸ்பிரிங் லிஃப்ட் எதற்கு? செசிக்கு, கியர்பெட்டிக்குக் கீழ் இருக்கும் குறுக்குச் சட்டத்துக்கு, சைலன்சருக்கு, ஓட்டுநர் சீற்றுக்கு அடியில் தொங்கும் எரிபொருள் தாங்கிக்கு. இவை எல்லாம் அந்த 2 அங்குலத்தால் பிழைக்கும். மதகு உடைந்து வெட்டுப்பட்ட இடத்தில் இறங்கி ஏறும்போது வயிற்றில் இடிக்காது. அதைவிட முக்கியம், சில்லு மேலே போக இடம் கிடைக்கிறது. பட்டை தட்டையாகிப் போன ஸ்பிரிங்கில் அச்சு ஏற்கெனவே செசியில் இடியைத் தாங்கப் பூட்டியிருக்கும் பம்ப் றப்பருக்குக் கிட்ட நிற்கும், ஒரு சின்னக் கிடங்கிலேயே டொக் என்று அடிக்கும், அந்த அடி செசிக்கு நேரே போகும், உங்கள் முதுகுக்கும் போகும்.

இதில்தான் நான் சொல்ல வந்த பிரதான விஷயம் இருக்கிறது. இந்த வாகனங்களில் பெரும்பாலானவைக்குத் தேவை லிஃப்ட் இல்லை, இழந்த உயரம் திரும்பி வருவதுதான். சீரீஸ் 3 செய்தது 1971 இல் இருந்து 1985 வரை. அதில் ஏறிய ஸ்பிரிங் இன்னும் அதே ஸ்பிரிங் என்றால், அது ஒரு அங்குலமோ அதற்கு மேலோ இறங்கித்தான் இருக்கும். புதிதாக, தொழிற்சாலை அளவிலேயே நல்ல ஸ்பிரிங் போட்டால் பார்ப்பவர்கள் "தூக்கியிருக்கிறாய்" என்பார்கள். கடையில் "2 அங்குல லிஃப்ட்" என்று விற்பதில் எவ்வளவு உண்மையான லிஃப்ட், எவ்வளவு உங்கள் பழைய ஸ்பிரிங்கின் தளர்ச்சி என்று தெரியாமல் வாங்கினால், எதிர்பார்த்ததைவிட வாகனம் உயர்ந்து நின்று வேறு தலையிடி தொடங்கும்.

அதனால் வாங்க முதல் அளவுங்கள். சமனான சீமெந்துத் தரையில் நிறுத்தி, நான்கு ரயருக்கும் காற்றுச் சரியாக இருக்கிறதா பார்த்து, சில்லின் நடுப் புள்ளியில் இருந்து மேலே மட்கார்ட் விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதி வையுங்கள். நிலத்தில் இருந்து அளந்தால் ரயர் வித்தியாசம் கணக்கைக் குழப்பும், சில்லு நடுவில் இருந்து அளந்தால் குழப்பாது. பிறகு குனிந்து அச்சுக்கும் பம்ப் றப்பருக்கும் இடையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். ஸ்பிரிங் பட்டை வெறும் வாகனத்தில் தட்டையாக இருந்தால், அல்லது எதிர்ப் பக்கம் வளைந்து நின்றால், அதற்கு வேறு சோதனை தேவையில்லை. வலது பக்கமும் இடது பக்கமும் ஒரே உயரம்தானா என்பதையும் பாருங்கள். வலது கைப்பக்க வாகனத்தில் ஓட்டுநரும் எரிபொருள் தாங்கியும் ஒரே பக்கம் என்பதால் தொழிற்சாலையே அந்தப் பக்க ஸ்பிரிங்குக்கு வளைவு கூட வைத்தது. எத்தனையோ வாகனங்களில் யாரோ ஒருவர் எப்போதோ ஸ்பிரிங்கைக் கழற்றி மாற்றிப் பூட்டிவிட்டு, வாகனம் ஏன் சரிகிறது என்று இன்னொருவர் தேடிக்கொண்டிருக்கிறார்.

சரி, உயரம் வேண்டும் என்று முடிவாகிவிட்டது. என்ன வழிகள் இருக்கின்றன? மலிவானதில் இருந்து தொடங்குகிறேன்.

நீள ஷக்கிள். ஷக்கிள் என்பது ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் செசியோடு தொடுக்கும் தகடு. வெல்டிங் பட்டறையில் தகட்டை வெட்டித் துளை போட்டுத் தந்துவிடுவார்கள், விலை ஒன்றும் இல்லை. தயவு செய்து போடாதீர்கள். ஷக்கிளை 2 அங்குலம் நீட்டினால் கிடைப்பது ஏறக்குறைய 1 அங்குலம்தான், ஏனென்றால் ஸ்பிரிங்கின் ஒரு முனை மட்டும் இறங்குகிறது. அப்படி ஒரு முனை மட்டும் இறங்கும்போது அச்சும் சேர்ந்து சுழல்கிறது. முன் அச்சில் தொழிற்சாலை வைத்த காஸ்டர் (சில்லு திரும்பும் அச்சின் முன் பின் சரிவு) 3 பாகை, அது மாறினால் ஸ்ரியரிங் தானாக நேருக்கு வராது, இல்லையென்றால் இழுக்கும். நீண்ட ஷக்கிள் பக்கவாட்டில் ஆடும். இந்த வாகனத்தின் இரு சில்லுக்கும் இடையிலான அகலமே 51.5 அங்குலம்தான், உயரத்தோடு ஆட்டமும் சேர்ந்தால் வளைவில் பயமாக இருக்கும்.

ஸ்பிரிங்கை அச்சுக்கு மேல் ஏற்றிப் பூட்டுவதைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். சீரீஸ் வாகனத்தில் ஸ்பிரிங் அச்சுக்குக் கீழ் இருக்கிறது, அதை மேலே கொண்டுபோனால் ஒரேயடியாகப் பல அங்குலம் உயரும். அது வேறு உலகம், ஸ்ரியரிங், புரொப்ஷாஃப்ட் (கியர்பெட்டிப் பக்கத்தில் இருந்து அச்சுக்குப் போகும் சுழல் தண்டு), பிறேக் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும். அளவான லிஃப்ட் பற்றிப் பேசும்போது அதை விட்டுவிடலாம்.

அடுத்தது பழைய ஸ்பிரிங்கையே திருத்துவது. வவுனியாவில் லொறி ஸ்பிரிங் வேலை செய்யும் பட்டறைகள் இருக்கின்றன, பட்டையைக் கழற்றி வளைவு ஏற்றித் தருவார்கள், தேவைப்பட்டால் ஒரு பட்டை கூடச் சேர்ப்பார்கள். இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பட்டையைச் சூடாக்கி வளைத்து, எண்ணெயில் குளிரவைத்து, மீண்டும் அளவான சூட்டில் பதப்படுத்தினால் அது நிற்கும். குளிரிலேயே அடித்து வளைத்தால் உயரம் சில மாதத்தில் திரும்பப் போய்விடும். கேட்க வேண்டிய ஒரே கேள்வி இதுதான், வெட்கப்படாமல் கேளுங்கள்: "பதம் போடுவீங்களோ, சும்மா அடிச்சுத் தருவீங்களோ?" காஸ் விளக்கால் ஒரு இடத்தை மட்டும் சிவக்கக் காய்ச்சி வளைக்கிறவரிடம் கொடுக்க வேண்டாம், காய்ச்சிய இடத்தில் பதம் போய், அந்த இடத்திலேயே பட்டை முறியும். லொறிப் பட்டையை வெட்டிச் சேர்ப்பதும் அப்படித்தான். எஸ்யூபி9 போன்ற நல்ல ஸ்பிரிங் இரும்புதான், பிழை இரும்பில் இல்லை. ஆனால் பாரத்துக்குச் செய்த தடிப்பு அது, வெறும் 88 இல் அது வளையாது, வாகனம் துள்ளிக்கொண்டே போகும்.

எதுவும் வாங்க வசதி இல்லையென்றால்கூட ஒன்று செய்யலாம். பழைய ஸ்பிரிங்கைக் கழற்றிப் பட்டை பட்டையாகப் பிரித்து, துருவைச் சுரண்டி, கிராஃபைட் கிறீஸ் பூசித் திரும்ப அடுக்கிப் பூட்டுங்கள். நனைந்து காய்ந்த புத்தகத்தில் தாள்கள் ஒட்டிக்கொள்வது போல இந்தப் பட்டைகள் துருவால் ஒன்றோடொன்று பிடித்துவிடுகின்றன, பிறகு அது ஸ்பிரிங் இல்லை, ஒரு இரும்புக் கட்டை. வாகனத்தின் உயரம் அதிகரிக்காது, ஆனால் ஓட்டத்தில் வரும் வித்தியாசம் பெரிது.

இனி நான் போட்ட பரபோலிக் பற்றி. சாதாரண ஸ்பிரிங்கில் ஒரே தடிப்புள்ள பட்டைகள் பல, நீளம் குறைந்து குறைந்து அடுக்கியிருக்கும், ஒன்றை ஒன்று முழு நீளத்துக்கும் உராயும். பரபோலிக்கில் பட்டை இரண்டோ மூன்றோதான். ஒவ்வொன்றும் நடுவில் தடித்து முனைகளை நோக்கி மெலிந்து போகும், அதனால் பாரம் பட்டையின் முழு நீளத்துக்கும் ஒரே மாதிரிப் பரவும். பட்டைகள் நடுவிலும் முனையிலும்தான் தொடும், இடையில் காற்று. உராய்வு குறைவு என்பதால் சின்ன மேடு பள்ளத்துக்கும் அது அசைந்து கொடுக்கிறது. இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. ஸ்பெயினில் அனுமதி பெற்று லாண்ட் றோவர் செய்த சந்தானா நிறுவனம் தன் பிந்திய வாகனங்களுக்கு இதைத்தான் போட்டது. லாண்ட் றோவரோ 1983 இல் 110 என்ற மாடல் வந்தபோது சுருள் ஸ்பிரிங்குக்கு மாறிவிட்டது.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். முதலாவது, இரண்டாவது பட்டையின் முனை பிரதான பட்டையின் கண்ணை (போல்ட் போகும் முனை வளையம்) சுற்றி வளைந்து நிற்கிறதா. அப்படி இருந்தால் பிரதான பட்டை முறிந்தாலும் அச்சு விலகி ஓடாது. நெடுங்கேணிக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில் இருட்டில், யானை திரியும் நேரத்தில் ஸ்பிரிங் முறிந்தால் என்ன நிலைமை என்று யோசித்தால் இதன் பெறுமதி தெரியும். இரண்டாவது, வலது இடது வித்தியாசத்தோடு செய்ததா, நான்கும் ஒரே மாதிரியா. சில செட்டுகள் வித்தியாசம் இல்லாமல் வரும். என் செட் அப்படித்தான், தாங்கி நிறைய டீசலும் ஓட்டுநரும் இருக்கும்போது வலது பக்கம் கொஞ்சம் தாழ்ந்து நிற்கிறது. ஓட்டத்தில் தெரியாது, பின்னால் நின்று பார்த்தால் தெரியும். இந்த விலைக்கு அது இருக்கக் கூடாது, ஒரு புள்ளி குறைக்கிறேன்.

ஷொக் விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. ஸ்பிரிங்கோடு சேர்த்து "லிஃப்டுக்குப் பொருத்தமான ஷொக்" என்று கொழும்பில் ஒரு கடையில் வாங்கினேன், பெயர் வேண்டாம். வந்து இறங்கியது சாதாரண நீள ஷொக். பெட்டியில் எழுதியிருந்தது ஒன்று, உள்ளே இருந்தது இன்னொன்று. செசியைத் தூக்கி அச்சைத் தொங்க விட்டுப் பார்த்ததில், ஸ்பிரிங் இன்னும் இறங்க இடம் இருக்கும்போதே ஷொக் முழுக்க நீண்டு இழுபட்டு நின்றது. அப்படியே ஓடினால் ஒவ்வொரு பள்ளத்திலும் அச்சின் முழுப் பாரமும் ஷொக்கில் தொங்கும், ஒன்றில் ஷொக் உள்ளே பிடுங்கும், இல்லையென்றால் செசியில் அதைப் பிடித்திருக்கும் பிறக்கெற் வெடிக்கும். மாற்றித் தரக் கிழமைக்கணக்கில் இழுத்தார்கள். நீங்கள் வாங்கும்போது இரண்டு அளவு கேளுங்கள்: முழுக்க நீட்டினால் எவ்வளவு, முழுக்க அமுக்கினால் எவ்வளவு. நீட்டிய அளவு ஸ்பிரிங் தொங்கும் அளவைவிடக் கூட இருக்க வேண்டும், அமுக்கிய அளவு அச்சு பம்ப் றப்பரில் முட்டும் நிலையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். கடைக்காரருக்கு இந்த இரண்டு எண்ணும் தெரியாவிட்டால் வேறு கடைக்குப் போங்கள், கொழும்பு பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடைக்குக் குறைவில்லை.

பரபோலிக்கைப் பழைய ஷொக்கோடு போட்டு ஓடிப் பார்த்துவிட்டு "துள்ளுகிறது, சரியில்லை" என்று சொல்பவர்களைக் கண்டிருக்கிறேன். பழைய ஸ்பிரிங்கில் பட்டைகளின் உராய்வே பாதி ஷொக் வேலையைச் செய்தது. அந்த உராய்வை எடுத்துவிட்டால் ஷொக் முழு வேலையும் செய்ய வேண்டும். காசு போதாது என்றால் இரண்டும் சேர்த்து வாங்கும் வரை பொறுத்திருங்கள், ஸ்பிரிங்கை மட்டும் வாங்க வேண்டாம்.

பூட்டும் வேலை எங்கள் ஊர் கராச்சில் நடந்தது. கழற்றுவதுதான் பாடு. ஷக்கிள் போல்ட்டும் புஷ்ஷின் (போல்ட்டைச் சுற்றி இருக்கும் றப்பர் உருளை) உள் குழாயும் துருவால் ஒன்றாகிவிட்டன, வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. செசிக்குள் இருக்கும் புஷ்ஷையும் அதே நாளில் மாற்றிவிடுங்கள், ஸ்பிரிங் புதிதாகவும் புஷ் பழசாகவும் இருந்தால் வாகனம் அலைவது நிற்காது. ஸ்பிரிங்கை அச்சோடு கட்டும் யூ போல்ட்டுகளைத் திரும்பப் பாவிக்காதீர்கள், ஒருமுறை இழுபட்ட நூல் அது. எங்கள் மெக்கானிக் அண்ணை வேலை பழகியது 90களில், பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமல் பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்த காலம். புதுச் சாமான் என்றாலே முதலில் சந்தேகமாகத்தான் பார்ப்பார். போல்ட்டுகளை இறுக்கும் நேரம் வந்ததும் ஜக்கில் நின்ற வாகனத்தை இறக்கச் சொன்னார்.

"அண்ணை, இறுக்கிப்போட்டு இறக்குவமே?"

"இல்லைத் தம்பி, நிலத்தில விட்டு, சும்மா உருட்டி, நிக்கிற நிலைக்கு வந்தாப் பிறகுதான் ஷக்கிளை இறுக்கோணும். தொங்க விட்டு இறுக்கினால் றப்பர் புஷ் முறுகின மாதிரியே நிக்கும், ரெண்டு மாசத்தில கிழிஞ்சு போகும்."

அவர் சொன்னது முழுக்கச் சரி. இதைச் செய்யாத கராச்சுகள் நிறைய, பழி மட்டும் ஸ்பிரிங்கில் விழும்.

அன்றைக்கே பார்க்க வேண்டியவை இன்னும் சில. அச்சு தொங்கும்போது பிறேக் ஹோஸ் இழுபடுகிறதா, பின் அச்சுக்குப் போகும் ஒற்றை ஹோஸை முக்கியமாகப் பாருங்கள், இறுகினால் நீளமானது போட வேண்டும், இதில் சமாளிப்புக் கூடாது. 88 இன் பின் புரொப்ஷாஃப்ட் கட்டையானது, உயரம் கூடும்போது அதன் கோணம் வேகமாகக் கூடும், அதன் முனையில் மடங்கும் யூனிவர்சல் ஜொயின்ற் தேய்ந்திருந்தால் அப்போது வெளியே தெரிய வரும். 2 அங்குலத்துக்குள் எனக்கு அதிர்வு எதுவும் வரவில்லை, அதற்கு மேல் போக வேண்டாம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஸ்ரியரிங்கை இரு பக்கமும் முழுக்க வெட்டி ரயர் எங்கேயாவது உரசுகிறதா என்றும் பாருங்கள்.

ஸ்ரியரிங் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். றிலேயில் (ஸ்ரியரிங் பெட்டியின் அசைவைக் கடத்தும் இடை உறுப்பு) இருந்து சில்லுக்குப் போகும் குறுக்குத் தண்டு, வாகனம் உயர்ந்ததும் சரிந்து நிற்கும். அந்தச் சரிவு கூடக் கூட, மேடு பள்ளத்தில் ஸ்பிரிங் அசையும்போதெல்லாம் ஸ்ரியரிங் தானாகக் கொஞ்சம் திரும்பும். 2 அங்குலத்தில் அது இருக்கிறது, ஆனால் பழகிக்கொள்ளும் அளவுதான். காஸ்டர் மாறியிருந்தால் ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் இடையில் வைக்கும் ஆப்புத் தகடு கிடைக்கிறது, இரும்பில் செய்ததை வாங்குங்கள், அலுமினியம் நசிந்து போகும். எனக்குத் தேவைப்படவில்லை, அளந்து பார்த்ததில் காஸ்டர் தொழிற்சாலை அளவிலேயே நின்றது.

ஓட்டம் எப்படி? கிறவல் றோட்டில்தான் காசின் பெறுமதி தெரிந்தது. அலை அலையாக மேடு கட்டிய கிறவலில் முன்பு ஸ்ரியரிங் கையில் நடுங்கும், பின்பக்கம் ஓரத்துக்கு நழுவும், வேகத்தைக் குறைத்து உருள வேண்டியிருக்கும். இப்போது சில்லு நிலத்தை விடாமல் போகிறது. பின் சீற்றில் பக்கவாட்டில் இருக்கும் அம்மா ஒன்றும் சொல்லாமல் வந்தார், இதற்கு முன்பு முத்தையன்கட்டுப் பக்கம் போய் வந்தால் இரண்டு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

மாரிச் சேற்றில் வித்தியாசம் வேறு விதம். தடத்தில் ஒரு சில்லு பள்ளத்திலும் மற்றது மேட்டிலும் நிற்கும்போது பழைய ஸ்பிரிங்கில் ஒரு சில்லு பாரம் இழந்து சும்மா சுழலும். பரபோலிக் அச்சை நன்றாகச் சாய விடுவதால் நான்கு சில்லும் மண்ணைப் பிடிக்கின்றன, அதனால் நான்கு சில்லு ஓட்டத்தைப் போட வேண்டிய நேரமே குறைந்தது. முருங்கன் பக்கத்துக் கரும் களியில் மட்டும் எந்த ஸ்பிரிங்கும் உதவாது, அது ரயரின் வெட்டுகளை நிரப்பி மொழுமொழு என்று ஆக்கிவிடும், அங்கே ரயரும் பொறுமையும்தான். கொக்கிளாய், நாயாறு பக்கத்துக் கடற்கரை மணலிலும் அப்படியே, காற்றைக் குறைப்பதுதான் வேலை செய்யும், லிஃப்டுக்கு அங்கே பங்கு இல்லை.

இவ்வளவு சொல்லும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாகனம் எங்கேயும் போகும் என்ற தைரியம் வந்ததும் தடத்தை விட்டு இறங்கத் தோன்றும். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் பகுதியில், துப்பரவு முடிந்ததாக அறிவிக்காத காட்டு ஓரத்தில் தடத்தை விட்டு ஒரு சில்லுகூட இறங்கக் கூடாது. சேறாக இருந்தால் திரும்பி வாருங்கள், அல்லது வேறு பாதையால் சுற்றிப் போங்கள்.

பாரம். இதில்தான் பரபோலிக் தோற்கிறது. பின்னால் இரண்டு பட்டை செட் போட்டு நெல் மூட்டைகளை நிரப்பினால் பின்பக்கம் நன்றாக அமர்ந்துவிடுகிறது, முன் வெளிச்சம் மரத்துக்குப் போகிறது, வளைவில் மெதுவாகச் சரிகிறது. அறுவடைக் காலத்தில் தினமும் மூட்டை ஏற்றுபவருக்கு இது சரிவராது. பின்னால் மூன்று பட்டை உள்ள செட் கிடைக்கிறது, இடையிடையே பாரம் ஏற்றுபவர் அதை எடுக்கலாம், வெறும் வாகனத்தில் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். நான் இன்னொரு முறை வாங்கினால் முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு மூன்று என்றுதான் எடுப்பேன். முழு நேரமும் பாரம் என்றால் புதுப் பல பட்டை ஸ்பிரிங், தொழிற்சாலை உயரத்தில், வலது இடது சரியாகக் கேட்டு வாங்குங்கள், அதுவே உங்களுக்கு லிஃப்ட் மாதிரித் தெரியும்.

விலை பற்றிக் கேட்பீர்கள். இறக்குமதி செட், ஷொக், புஷ், யூ போல்ட், வரி எல்லாம் சேர்ந்தால் வவுனியாப் பட்டறையில் பழைய ஸ்பிரிங்கைப் பதம் போட்டு எடுப்பதைப் போலப் பல மடங்கு. மாதத்துக்கு ஓரிரு தடவை வயலுக்குப் போய்வரும் வாகனம் என்றால் பட்டறை வேலையும் நல்ல ஷொக்கும் போதும், மிச்சக் காசுக்கு 7.50 ரயர் வாங்குங்கள். தினமும் கிறவலில் ஓடுபவருக்கு மட்டும்தான் இந்தச் செலவு நியாயம் என்பேன்.

நீளமான 109 அங்குல லாண்ட் றோவர் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், அதற்கு ஸ்பிரிங் வேறு, பாரமும் வேறு, 7.50 ரயர் அதற்குத் தொழிற்சாலையிலேயே வந்தது. மிட்சுபிஷி 4டிஆர்5 ஜீப்காரர்களுக்கும் முன் சொன்ன அளவெடுப்பு, ஷொக் நீளம், புஷ் இறுக்கும் முறை எல்லாம் பொருந்தும், ஆனால் செட் தேடி அலைவதை விடப் பதம் போடும் நல்ல பட்டறையைத் தேடுவது இலகு. லாண்ட் குரூசர் 40 தொடருக்கு ஆஸ்திரேலியாவின் ஓல்ட் மான் ஈமு என்ற பிராண்ட் ஸ்பிரிங்கும் ஷொக்கும் சேர்ந்த செட்டாகவே செய்கிறது, ஷொக் நீளம் பொருந்துமா என்ற தலையிடி அவர்களுக்கு இல்லை.

போட்ட பிறகு சில நூறு கிலோமீற்றர் ஓடியதும் யூ போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காகத் திரும்ப இறுக்குங்கள், என்னுடையதில் நான்கு மூலையிலும் கொஞ்சம் இளகியிருந்தது. அதே நாளில் சில்லு நடுவில் இருந்து மட்கார்ட் வரை திரும்ப அளந்து முதல் எழுதிய அளவுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். புது ஸ்பிரிங் தொடக்கத்தில் கொஞ்சம் இறங்கித்தான் நிலைக்கும், ஒரு மூலை மட்டும் தனியாக இறங்கிக்கொண்டே போனால்தான் விற்றவரைக் கூப்பிட வேண்டும்.